அழற்சி ஆறிய குடலில் வலி ஏன் ஆறவில்லை?

குடியாத்தத்திலிருந்து ஒருவர் தம் தங்கையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். தங்கைக்கு வயது 29. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. ஒன்றரை ஆண்டுக்கு முன் ஆடித் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய மறுநாள் வயிற்றுப்போக்கு பிடித்து, சீதமும் ரத்தமுமாக ஒன்பது நாள் நீடித்து, படுக்கையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. பேதி நின்றது. ஆனால் அன்றிலிருந்து சாப்பிட்ட அரை மணிக்குள் அடிவயிற்றைப் பிசைவது போல் வலியும் உப்புசமும் வருகின்றன; வெளிக்குப் போய்வந்தால் சற்றுத் தணிகின்றன. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பெருங்குடல் ஸ்கோப் எல்லாம் பார்த்தாயிற்று. "எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். உள்ளே புண் ஆறவில்லையா, ஆறிவிட்டதென்றால் வலி எங்கிருந்து வருகிறது என்பது அவர் கேள்வி. வேலைக்குப் போகாமல் இருக்கச் சாக்குச் சொல்வதாக மாமியார் வீட்டில் நினைப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசிச் செய்திக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் தங்கை பொய் சொல்லவில்லை. நான் வேலூரைச் சுற்றிய ஊர்களில் நெடுநாளாக வயிற்று நோயாளிகளைப் பார்த்துவருபவன்; பேதி வந்து போனபின் இதே கதையோடு வருபவர்கள் எனக்குப் புதியவர்கள் அல்லர். "எங்கே வலிக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டால், இவர்கள் ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவதில்லை. உள்ளங்கையை விரித்து, தொப்புளுக்குக் கீழே வைத்து, மெதுவாக வட்டமாகத் தேய்த்துக் காட்டுவார்கள். உள்ளுறுப்பு வலியின் இயல்பே அதுதான். குடலிலிருந்து வரும் நரம்பிழைகள் எண்ணிக்கையில் குறைவு. தண்டுவடத்துக்குள் நுழையும்போது பல மட்டங்களில் பரவி, தோலிலிருந்து வரும் இழைகளோடு கலந்துவிடுகின்றன. ஆகவே மூளைக்கு வலி தெரிகிறது, இடம் தெளிவாகத் தெரிவதில்லை. அந்த விரிந்த கை நாடகமல்ல, நரம்பு அமைந்திருக்கும் விதம்.

குடலுக்கு எது வலிக்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கோப் வழியாகக் குடல் சவ்வில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுக்கும்போது நோயாளிக்கு வலி தெரிவதில்லை. ஆனால் அதே ஸ்கோப் காற்றைச் செலுத்திக் குடலை விரிக்கும்போது முகம் சுளிக்கிறார். வெட்டுவதையும் சுடுவதையும் விட இழுபடுவது, இறுகுவது, ரத்த ஓட்டம் குறைவது, அழற்சி அடைவது ஆகியவையே குடலின் வலி. உண்ட உணவு குடலை விரிப்பதும், குடல் சுருங்கி அதைத் தள்ளுவதும் நாள் முழுக்க நடப்பவை. அந்தச் செய்திகளில் பெரும்பகுதி நம் உணர்வுக்கே வராமல் கீழ்மட்டத்தில் அடங்கிவிடுகின்றது. எவ்வளவு விரிந்தால் அது "வலி" என்று மேலே போக வேண்டும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. உங்கள் தங்கைக்கு மாறியிருப்பது இந்த வரம்புதான்.

இதை அளந்து காட்டிய ஆய்வு 1973-லேயே வெளிவந்துவிட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரிட்சி என்பவர், குடல் எரிச்சல் நோய் (ஐபிஎஸ்; புண் எதுவும் தெரியாமலே வயிற்றுவலியும் மலப்போக்கில் மாற்றமும் நீடிக்கும் நிலை, உங்கள் தங்கையின் தொல்லையும் இதைத்தான் ஒத்திருக்கிறது) உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். பலூனில் 60 மில்லி ஏறியபோது மற்றவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு மட்டுமே வலித்தது. நோய் உள்ளவர்களில் 55 பேருக்கு வலித்தது. 60 மில்லி என்பது நம் வீட்டுக் காபி டம்ளரில் பாதிகூட வராது. அவர்கள் குடலில் கண்ணுக்குத் தெரியும் புண் எதுவும் இல்லை. விரிவு ஒன்றே, உணர்வு வேறாக இருந்தது. இந்த நிலையை உள்ளுறுப்பு மிகையுணர்வு என்கிறோம்.

அழற்சி இந்த வரம்பை எப்படிக் கீழே இறக்குகிறது? அடுப்படியில் சூடான எண்ணெய் கையில் தெறித்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். மறுநாள் அந்த இடத்தில் மட்டுமல்ல, சுற்றியிருக்கும் நல்ல தோலிலும் சேலைத் தலைப்பு உரசினாலே சுரீரென்கிறது. தலைப்பு நேற்றும் உரசியதுதான். தோலடி நரம்பு மாறிவிட்டது. அடிபட்ட திசுவில் புரோஸ்டாகிளாண்டின், பிராடிகினின், ஹிஸ்டமின், செரட்டோனின், நரம்பு வளர்ச்சிக் காரணி எனப் பல பொருள்கள் கசிந்து, நரம்பு முனையில் இருக்கும் ஏற்பிகளை, அதாவது தூண்டலை உணரும் புரதங்களை, தூண்டிவிடுகின்றன. முன்பு பலமாக இழுத்தால் மட்டும் பதில் கொடுத்த முனை இப்போது லேசாக இழுத்தாலே துடிக்கிறது. சாதாரண நாட்களில் எந்த விரிவுக்கும் அசையாத "உறங்கும்" வலி நரம்புகளும் குடலில் உண்டு. அழற்சி வந்தால் அவை விழித்துக்கொள்கின்றன. ஏற்கெனவே இருந்த கம்பியில் மின்சாரம் கூடியது ஒன்று, புதிய கம்பிகள் சேர்ந்தது இன்னொன்று.

மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பி இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. டிஆர்பிவி1 என்று பெயர். சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டையும், மிளகாயில் உள்ள கேப்சைசினையும் இந்த ஒரே ஏற்பி உணர்கிறது. காரம் "எரிகிறது" என்று நாம் சொல்வது வெறும் உவமையல்ல. இதன் மரபணுவை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. லண்டன் ஆய்வாளர்கள் 2008-இல் குடல் எரிச்சல் நோயாளிகளின் பெருங்குடல் துணுக்குகளைப் பார்த்தபோது, இந்த ஏற்பியைத் தாங்கிய நரம்பிழைகள் மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு இருந்தன. அதே குழுவினர் 2010-இல் இன்னொன்றையும் காட்டினர்: குடல் அழற்சி நோய் (கிரோன் நோய் போல, குடலில் அழற்சியும் புண்ணும் நெடுநாள் நீடிக்கும் வேறு வகை நோய்) முழுதும் அடங்கியிருந்தும் வலி நிற்காதவர்களின் குடலிலும் இந்த இழைகள் பெருகியிருந்தன. உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள மிக நேரான விடை இதுதான். தீ அணைந்துவிட்டது, தீயின்போது முளைத்த நரம்பிழைகள் அப்படியே இருக்கின்றன.

தீ முழுதும் அணைந்ததா என்பதிலும் நுணுக்கமான ஒரு விஷயம் உண்டு. ஸ்கோப்பில் பார்க்கும் கண்ணுக்குச் சவ்வு இளஞ்சிவப்பாக, பளபளப்பாக, நார்மலாகவே தெரியும். அதே துணுக்கை நுண்ணோக்கியில் வைத்து, தக்க சாயம் ஏற்றித் தேடினால்தான் மாஸ்ட் செல்கள் தெரியும். இவை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் காவல் செல்கள். உள்ளே ஹிஸ்டமினும் டிரிப்டேசும் பொட்டலம் பொட்டலமாக நிறைந்திருக்கும். இத்தாலியின் போலோக்னா ஆய்வாளர்கள் 2004-இல் கண்டது என்னவென்றால், குடல் எரிச்சல் நோயாளிகளிடம் இந்தச் செல்கள் நரம்பிழையை ஒட்டியே நின்று பொட்டலங்களை அவிழ்த்துக்கொண்டிருந்தன; எவருக்கு அவை நரம்புக்கு நெருக்கமாக அதிகம் இருந்தனவோ அவருக்கு வலியும் அதிகம் இருந்தது. வழக்கமான பரிசோதனை அறிக்கையில் இது வராது. "நார்மல்" என்ற சொல் "புண், கட்டி, பரவிய அழற்சி இல்லை" என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். அதற்கு மேல் ஒன்றும் அது சொல்லவில்லை.

வலி அங்கேயே நிற்பதும் இல்லை. குடலிலிருந்து வாரக்கணக்கில் ஓயாமல் செய்தி வந்துகொண்டிருந்தால், அதை வாங்கும் தண்டுவடச் செல்களும் கூர்மையடைந்துவிடுகின்றன. மூளையிலிருந்து கீழிறங்கி வலியைத் தணிக்கும் பாதைகளும் பலம் குறைகின்றன. பயம், தூக்கமின்மை, வீட்டில் நம்ப மறுக்கும் பேச்சு இவையெல்லாம் அந்தப் பாதைகளின் வழியாகவே வலியைக் கூட்டுகின்றன. "மனசுதான் காரணம்" என்று சொன்னவர் இதைத்தான் சொல்ல வந்தாரோ என்னவோ. ஆனால் நோயாளியின் காதில் அது "உனக்கு ஒன்றுமில்லை" என்றே விழுகிறது. மனம் வலியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். உங்கள் தங்கையின் வலியை மனம் தொடங்கவில்லை; ஒரு கிருமி தொடங்கியது.

எல்லாப் பேதியும் இப்படி முடிவதில்லை. கடுமையான குடல் தொற்று வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அடுத்த ஓராண்டுக்குள் குடல் எரிச்சல் நோய் ஏற்படுகிறது. அமீபா, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணித் தொற்றானால் இன்னும் அதிகம். பெண்கள், இளவயதினர், பேதி பல நாள் நீடித்தவர்கள், ரத்தம் கலந்து போனவர்கள், அந்தச் சமயத்தில் மனக்கவலையில் இருந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்புக் கூடுதல். கனடாவின் வாக்கர்டன் என்னும் சிறு ஊரில் 2000-ஆம் ஆண்டு மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஏழு பேர் இறந்தனர். அந்த ஊராரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து, தொற்றுக்கு ஆளானவர்களில் சுமார் 28 சதவீதத்தினருக்குக் குடல் எரிச்சல் நோய் இருந்தது. எட்டாம் ஆண்டில் அது 15 சதவீதமாகக் குறைந்தது. நாள் பிடிக்கும், ஆனால் பாதிப்பேர் அளவில் அதிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள் என்பதை உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள்.

பேதி வந்து போன குடல் பழைய நிலைக்குத் திரும்பாமல் போவது நம் மாவட்டத்துக்குப் புதிய செய்தி அல்ல. 1960-களின் தொடக்கத்தில் வடாற்காட்டுக் கிராமங்களில் வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் நோய் கொள்ளைநோயாகப் பரவியது. வேலூர் சிஎம்சியைச் சேர்ந்த செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் ஆகியோர் அதைக் கிராமங்களுக்கே சென்று ஆராய்ந்தார்கள். பேதியாகத் தொடங்கி, சிறுகுடல் சத்தை உறிஞ்சும் திறனை இழந்து, ஆள் எலும்பும் தோலுமாகி, ரத்தசோகையில் விழுவார். உங்கள் தங்கைக்கு எடை குறையவில்லை, ரத்த அளவு சரியாக இருக்கிறது என்று எழுதியிருப்பதால் அவருடையது அந்த நோயல்ல. ஆயினும் ஒரு தொற்று போன பிறகும் அதன் தடம் குடலில் நெடுநாள் நிற்கும் என்பதை இந்த மண்ணே முன்பு கண்டிருக்கிறது.

இதற்கு நேர்மாறான நிலையையும் சொல்லாவிட்டால் பதில் அரைகுறையாகிவிடும். வலியையும் அழற்சியையும் ஒரே தராசின் இரு தட்டுகளாக நினைப்பது தவறு. கிரோன் நோயில் குடல் சுருங்கிப்போகும் அளவுக்கு அழற்சி முற்றியும் வலியே இல்லாமல் வருபவர்கள் இருக்கிறார்கள். அழற்சியடைந்த இடத்தில் திரளும் வெள்ளணுக்களில் சில, உடலின் சொந்த வலிநிவாரணியான எண்டார்பினையும் சுரக்கின்றன என்பது அதற்கு ஒரு காரணம். குடல் அழற்சி நோய் அடங்கியவர்களிலோ மூன்றில் ஒருவர் அளவுக்கு இன்னும் வலியோடும் உப்புசத்தோடும் இருக்கிறார்கள். வலி இல்லை என்பதால் அழற்சி இல்லை என்று ஆகாது. வலி இருக்கிறது என்பதால் அழற்சி திரும்பிவிட்டது என்றும் ஆகாது. இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும், தனித்தனியே மருந்து கொடுக்க வேண்டும். நடைமுறையில் நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக்குவதில்தான் தொடங்குகின்றன: வலி கூடியதும் ஸ்டீராய்டைக் கூட்டுவது, அல்லது ஸ்கோப் நார்மல் என்றதும் நோயாளியைக் கைவிடுவது.

அழற்சியை அளக்க மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற பரிசோதனை இருக்கிறது. வேலூரில் எடுக்கலாம். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் குடலில் குறிப்பிடத்தக்க அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 250-ஐத் தாண்டினால் தேடியே ஆக வேண்டும். இடைப்பட்டால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுப்போம். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் இந்த எண்ணை உயர்த்திவிடும் என்பதால் அவற்றை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். முன்பு எடுத்த ஸ்கோப் அறிக்கையில் சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பார்த்ததாக எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் நாட்டில் குடல் காசநோய் விரும்பிக் குடியேறும் இடம் அதுதான். மாலையில் காய்ச்சல், எடை குறைதல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, மலத்தில் ரத்தம், ரத்தசோகை இவற்றில் ஒன்று வந்தாலும் நான் மேலே எழுதியதை ஓரமாக வைத்துவிட்டு உடனே திரும்பக் காட்ட வேண்டும்.

செய்யக்கூடாதவற்றில் சிலவற்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வலிக்கும்போதெல்லாம் மெடிக்கலில் டைக்ளோபினாக் ஊசியோ மாத்திரையோ வாங்கிப் போட்டுக்கொள்வது குடல் சவ்வையே அரிக்கும். ஒவ்வொரு முறை வயிறு கலங்கும்போதும் பேதிக்கான ஆன்டிபயாட்டிக் கலவை மாத்திரையை மூன்று நாள் விழுங்குவது, குடலில் வாழும் நல்ல கிருமிகளைக் கலைத்து, ஆற வேண்டியதை ஆறவிடாமல் செய்யும். குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவி மிதமாக நீவிவிட்டால் சிலருக்கு இதமாக இருக்கிறது, அதை நான் தடுப்பதில்லை; ஆனால் அழுத்திப் பிசைவதையும் தட்டுவதையும் கூர்ந்துபோன நரம்புள்ள வயிற்றில் செய்யவே கூடாது.

சாப்பாட்டில், எதையெல்லாம் நிறுத்தலாம் என்று பட்டியல் போடுவதிலிருந்து தொடங்காதீர்கள். பட்டியல் நீண்டு, கடைசியில் ரசம் சாதமும் பயமும்தான் மிஞ்சும். முதலில் பாலை இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாம். பேதிக்குப் பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைவது உண்டு, தென்னிந்தியரில் பலருக்கு அது இயல்பிலேயே குறைவு. தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அதில் தணியாவிட்டால், குடலில் எளிதாகப் புளித்துக் காற்றை உண்டாக்கும் வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு வகைகளை நான்கு வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்று எல்லோர் குடலையும்தான் விரிக்கிறது. வரம்பு தாழ்ந்தவருக்கு மட்டும் வலிக்கிறது. சோறு, இட்லி, கேழ்வரகுக் களி இவற்றுக்குத் தடையில்லை. ஆம்பூர் பிரியாணி சாப்பிடலாமா என்று தங்கை கேட்டதாக எழுதியிருந்தீர்கள். காரம் மட்டும் காரணம் அல்ல. கொழுப்பு சிறுகுடலுக்குள் இறங்கும்போது பெருங்குடலின் உணர்வுக் கூர்மையும் சேர்ந்து ஏறுகிறது. காரமும் நெய்யும் ஒரே தட்டில் சேர்வதால்தான் பிரியாணிக்குப் பிறகு அரை மணியில் வலி பிடிக்கிறது. இப்போதைக்குக் கைப்பிடி அளவோடு நிறுத்தி, பழகப் பழகக் கூட்டிக்கொள்ளலாம்.

வேலையிடத்தைப் பற்றி ஒரு சொல். வரிசையில் உட்கார்ந்து தைக்கும் பெண்கள், எழுந்து போக நேரம் கிடைக்காது என்று தண்ணீரையே குறைத்து, மலத்தையும் அடக்கிப் பழகுகிறார்கள். தேங்கிய மலமும் ஒரு பலூன்தான். காலையில் வேனுக்கு ஓடுவதற்கு முன், ஏதேனும் சாப்பிட்டுவிட்டு அவசரமில்லாமல் வெளிக்குப் போகக் கால் மணி நேரம் ஒதுக்கிக் கொடுப்பது உங்கள் வீட்டில் செய்யக்கூடிய சிகிச்சை. இசப்கோல் உமியை ஒரு கரண்டியில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு கொடுக்கலாம்.

இவற்றுக்கும் வலி அடங்கவில்லையென்றால் நரம்புக்கே மருந்து கொடுக்க வேண்டும். அமிட்ரிப்டிலின் என்ற பழைய மருந்து, மிகக் குறைந்த அளவில், அதற்கு உதவுகிறது. இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்த அட்லாண்டிஸ் ஆய்வு 2023-இல் வெளிவந்தது; 10 மில்லிகிராமில் தொடங்கி 30 வரை கூட்டியதில், போலி மாத்திரை எடுத்தவர்களைவிட இவர்களுக்குக் குணம் தெளிவாகத் தெரிந்தது. மெடிக்கலில் யாராவது "இது மனநோய் மாத்திரை ஆயிற்றே" என்று சொல்லக்கூடும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு இதைப்போல் பல மடங்கு. இந்தச் சிறிய அளவில் அது குடலிலிருந்து மூளைக்குப் போகும் செய்தியைத் தணிக்கிறது, தூக்கத்தையும் சீராக்குகிறது. முதல் வாரம் வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மூன்றாம் நாள் குணமில்லை என்று நிறுத்திவிட்டால் பயனில்லை. கருவுற்றிருந்தாலோ, இதயத் துடிப்பில் கோளாறு இருந்தாலோ, மலச்சிக்கல் முதன்மையாக இருந்தாலோ இது ஒத்துவராது. ஆகவே மருத்துவர் எழுதிக் கொடுத்தே தொடங்க வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது தங்கையோடு அவர் மாமியாரையும் அழைத்துப் போங்கள். "பேதி வந்ததிலிருந்து குடல் நரம்பு கூர்மையாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும், கால்ப்ரோடெக்டின் எடுக்கலாமா" என்று கேளுங்கள். எந்த நாள், என்ன சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில், எவ்வளவு வலி, வெளிக்குப் போனபின் தணிந்ததா என்று இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி எடுத்துச் சென்றால், பத்து நிமிடப் பார்வையில் அந்த நோட்டு ஸ்கேன் அறிக்கையைவிட அதிகம் பேசும்.